நிறம் பொய் சொல்லவில்லை

நெபுலாப் படம் ஒன்றை யாரிடம் காட்டினாலும் முதலில் வருகிற கேள்வி, "இது நிஜ நிறமா?" என்பதுதான். கண்ணுக்கு இப்படித் தெரியாது என்று பதில் சொன்னால், "அப்போ போட்டோஷாப்" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. படம் தாம்பரத்தில் ஒரு மொட்டை மாடியிலிருந்து எடுத்தது என்றும் தெரிந்துவிட்டால், "இங்கே நாலு நட்சத்திரம் தெரிவதே பெரிசு, இதெல்லாம் எங்கிருந்து வந்தது?" என்று சந்தேகம் உறுதியாகிவிடும். இப்படிப் பேசுபவர்கள் வானத்தின்மேல் அக்கறையில்லாதவர்கள் இல்லை. இயற்பியல் ஆசிரியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கல்யாண வீடுகளில் படம்பிடித்துக் கைதேர்ந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சொந்தமாகத் தொலைநோக்கி வைத்திருப்பவர்களிலேயே ஒரு சாரார், நாரோபேண்ட் என்றால், அதாவது ஒரு வாயுவின் குறுகிய அலைநீளத்தை மட்டும் உள்ளே விடும் ஃபில்டரில் எடுத்தால், அது கணினியில் ஒப்பேற்றிய வேலை, இருட்டான மலைக்குப் போய் எடுப்பதுதான் அசல் என்று நம்புகிறார்கள்.

இந்த நம்பிக்கை அடியோடு தவறு. நாரோபேண்ட் படத்தைச் செயலாக்கப் பழகுகிறவர் அளவெடுக்கப் பழகுகிறார். எந்த வாயு எங்கே ஒளிர்கிறது, அந்த ஒளி உண்மையிலேயே வானத்திலிருந்து வந்ததா, கேமராவின் சூட்டிலிருந்து வந்ததா, ஜி.எஸ்.டி. சாலை விளக்கிலிருந்து வந்ததா என்று பிரித்தறியும் பயிற்சி அது. அதைப் பொய் நிறம் என்று ஒதுக்குகிறவர்கள், சேலையூரிலோ மேடவாக்கத்திலோ இருக்கும் ஒரு மாணவிக்கு வீட்டிலிருந்தே எட்டக்கூடிய ஆழ்வானத்தைத் தட்டிப் பறிக்கிறார்கள். அதனால்தான் இதைப் பொறுமையாக, ஒவ்வொரு கண்ணியாக மறுக்க வேண்டியிருக்கிறது.

தாம்பரத்து வானத்திலிருந்தே தொடங்குவோம். பிளஸ் டூ இயற்பியலில் பால்மர் வரிசை வருகிறது. ஹைட்ரஜன் அணுவில் எலெக்ட்ரான் மூன்றாம் மட்டத்திலிருந்து இரண்டாம் மட்டத்துக்கு இறங்கும்போது வெளிவரும் ஒளியின் அலைநீளத்தைக் கணக்குப் போட்டால் 656.3 நானோமீட்டர் என்று விடை வரும். தேர்வுத்தாளில் அந்தக் கணக்கைப் போட்டு மதிப்பெண் வாங்கியவர்கள் நம் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். விண்மீன்கள் பிறக்கும் வாயு மேகங்கள் சிவப்பாக ஒளிர்வது அதே 656.3இல்தான். ஹைட்ரஜன் ஆல்ஃபா ஃபில்டர் அந்த ஒரு கோட்டை மட்டும் உள்ளே விடுகிறது. இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் 500.7 நானோமீட்டரில் நீலப்பச்சையாக ஒளிர்கிறது. அதற்கு ஓ-த்ரீ ஃபில்டர். ஓர் எலெக்ட்ரானை இழந்த கந்தகம் 671.6, 673.1 என்று அடுத்தடுத்த இரண்டு கோடுகளில் ஆழ்ந்த சிவப்பாக ஒளிர்கிறது; அதற்கு எஸ்-டூ ஃபில்டர்.

மேகத்தின் ஒளியில் பெரும்பங்கு இப்படி விரல்விட்டு எண்ணக்கூடிய கோடுகளில் குவிந்திருக்கிறது. தெருவிளக்கின் ஒளி அப்படி இல்லை. இப்போது எங்கும் எரிகிற வெள்ளை எல்இடி, 450 நானோமீட்டர் அருகே ஒரு நீல முகடும் அதற்கப்பால் சிவப்பு வரை நீளும் அகன்ற மேடுமாகப் பரவிக் கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் மொத்த அகலம் சுமார் 300 நானோமீட்டர். நல்ல நாரோபேண்ட் ஃபில்டரின் அகலம் 3. ஆக, தெருவிளக்கு வெளிச்சத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் உள்ளே நுழையும். நெபுலாவின் கோடு ஏறக்குறைய முழுதாக நுழையும். இங்கே எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு இந்த வகுத்தல் கணக்குதான் பதில். கண் தோற்கிற இடத்தில் ஃபில்டர் ஜெயிப்பதற்கு மந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. நிலா காய்கிற இரவில்கூட ஹைட்ரஜன் ஆல்ஃபா எடுக்கலாம். ஓ-த்ரீக்குத்தான் நிலா இடைஞ்சல்.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆண்ட்ரோமெடா போன்ற விண்மீன் மண்டலங்களின் ஒளி, கோடானுகோடி விண்மீன்களின் கலவை. ஃபில்டர் அதையும் தெருவிளக்கோடு சேர்த்து வெட்டிவிடும். கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றித் தூசியில் சிதறும் நீல ஒளிக்கும் அதே கதிதான். அவற்றுக்கு நிஜமான இருட்டு வேண்டும். ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்து வானாய்வகம் அமைத்ததும், லடாக்கின் ஹான்லே 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டதும் அந்தத் தேவையால்தான். விளக்குகளை வானத்தை நோக்கி எரியவிடுவதற்கு நாரோபேண்ட் ஒரு சாக்காகவும் ஆகக்கூடாது. பள்ளிக்கரணைக்கு வரும் பறவைகளுக்கு ஃபில்டர் கிடையாது. ஆனால் ஹான்லேக்குப் போக முடிந்தவருக்கு மட்டுமே வானம் என்பது என்ன நியாயம்? சனிக்கிழமை இரவு ஒன்று மட்டும் ஓய்வாகக் கிடைக்கிற குரோம்பேட்டைக்காரருக்கு, அவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் நாலடி இடம் போதும் என்று இயற்பியல் சொல்லும்போது, போதாது என்று நாம் ஏன் சொல்ல வேண்டும்?

அடுத்தது நிஜ நிறம் என்ற வாதம். இதன் அடியில் சொல்லப்படாத ஒரு நம்பிக்கை இருக்கிறது: மனிதக் கண் பார்ப்பதுதான் உண்மை, கேமரா அதை நகலெடுக்க வேண்டும். நெபுலாவைப் பொறுத்தவரை இந்த அளவுகோலே நிற்காது. இருட்டுக்குப் பழகிய கண்ணில் வேலை செய்வது கோல் செல்கள். அவற்றின் கூர்மை 507 நானோமீட்டர் அருகே உச்சத்தில் இருக்கிறது. 656இல் ஏறத்தாழக் குருடு. பிரபஞ்சத்தில் மிக அதிகமாக இருக்கும் வாயுவின் மிக முக்கியமான ஒளி, இரவுக்கண்ணுக்குக் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. போதாக்குறைக்குக் கோல் செல்கள் நிறம் பிரிப்பதும் இல்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் நிஜ நிறம் தெரியுமே என்பவர்கள் உண்டு. தெரியாது. பரந்து கிடக்கும் பொருளை நெருங்கினால் அது பெரிதாகத் தெரியுமே தவிர, அதன் பரப்பு வெளிச்சம் கூடுவதில்லை. சுமார் 5,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள ரோசெட் நெபுலாவின் வாசலிலேயே போய் நின்றாலும் வானம் நிறைய மங்கலான சாம்பல் பூச்சுதான் கிடைக்கும். கண் சாட்சி சொல்ல முடியாத வழக்கில் கண்ணை நீதிபதியாக உட்கார வைத்திருக்கிறோம்.

சரி, சாதாரணக் கேமரா எடுப்பது இயற்கையானதா? கடையில் வாங்கும் டிஎஸ்எல்ஆரின் சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தகடு இருக்கிறது. மனிதத் தோலின் நிறம் ஒழுங்காக வர வேண்டும் என்பதற்காக அது சிவப்பின் கடைக்கோடியை வெட்டுகிறது; அந்த வெட்டில் ஹைட்ரஜன் ஆல்ஃபா ஒளியின் பெரும்பகுதி போய்விடும். பிறகு கேமராவே வெள்ளைச் சமநிலையை முடிவு செய்து, வளைகோடு போட்டு வெளிச்சத்தை மாற்றி, ஜேபெக்காக அமுக்கித் தருகிறது. செயலாக்காத படம் என்று நாம் கொண்டாடுவது, யாரோ ஒரு பொறியாளர் கல்யாண வரவேற்புக்காகச் செயலாக்கி வைத்த படம். நெபுலா எடுப்பவர் அந்த முடிவுகளைத் தானே எடுக்கிறார். என்ன செய்தோம் என்று சொல்லவும் அவரால் முடியும்.

இனி நிறம் பூசும் குற்றச்சாட்டு. நாரோபேண்ட் கேமரா தருவது மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள். எஸ்-டூவைச் சிவப்பிலும், ஹைட்ரஜனைப் பச்சையிலும், ஓ-த்ரீயை நீலத்திலும் வைத்துக் கூட்டுவது ஹபிள் வழக்கம். கழுகு நெபுலாவின் தூண்களை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் 1995இல் ஹபிளில் எடுத்து, அந்த நவம்பரில் வெளியிட்ட படம்தான் இதை உலகெங்கும் கொண்டுபோனது. அலைநீளம் நீண்டது சிவப்பு, நடுவிலுள்ளது பச்சை, குறுகியது நீலம் என்ற வரிசை அதில் அப்படியே காக்கப்பட்டிருக்கிறது. ஏன் இடம் மாற்ற வேண்டும்? ஹைட்ரஜனும் கந்தகமும் 16 நானோமீட்டர் இடைவெளியில் இரண்டுமே சிவப்பு. இருக்கிறபடியே விட்டால் இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்து, எது எங்கே என்று தெரியாமல் போய்விடும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் சென்னை ரேடார் படத்தை நாமெல்லாம் விடிய விடியப் பார்க்கிறோம். மழைக்குச் சிவப்பு நிறமில்லை என்று யாரும் சண்டைக்குப் போனதில்லை. சிவப்பு தாம்பரத்தை நெருங்கினால் பைக்கை மேட்டில் ஏற்றி வைக்கிறோம். அங்கே நிறம் தகவல் என்று ஏற்றுக்கொள்ளும் அதே மனிதர், நெபுலாவில் மட்டும் ஏமாற்று என்கிறார்.

அந்தத் தகவலின் கனம் என்ன என்று பாருங்கள். ஹைட்ரஜனிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்க 13.6 எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும். கந்தகத்துக்கு 10.4 போதும். ஏற்கெனவே ஓர் எலெக்ட்ரானை இழந்த ஆக்சிஜனிலிருந்து இரண்டாவதைப் பிடுங்க 35 வேண்டும். மிகச் சூடான விண்மீன்களின் புறஊதா ஒளியால்தான் அது முடியும். ரோசெட்டின் நடுவே என்ஜிசி 2244 என்ற இளம் விண்மீன் கூட்டம் இருக்கிறது. ஆக, ஆக்சிஜன் ஒளி அந்தக் கூட்டத்தைச் சுற்றி உட்புறத்திலும், கந்தக ஒளி ஆற்றல் தளர்ந்த வெளி விளிம்பிலும் வலுக்க வேண்டும் என்று படம் எடுப்பதற்கு முன்பே காகிதத்தில் எழுதி வைக்கலாம். மொட்டை மாடியில் எடுத்த மூன்று படங்களைக் கூட்டினால் நடுவில் நீலம், ஓரத்தில் பொன்னிறம் என்று அப்படியே வருகிறது. இதை அழகுக்காகப் பூசியது என்று சொல்பவர், அதே நிறங்களை உள்ளே சிவப்பும் வெளியே நீலமுமாக வர வைத்துக் காட்டட்டும். ஒதுக்கீட்டை மாற்றாமல் அவரால் முடியாது, ஏனென்றால் எந்தக் கோடு எங்கே பலமாக இருக்கிறது என்பதை முடிவு செய்வது அந்த விண்மீன்கள்.

ஒற்றை அலைநீளத்தில் வானத்தைப் பார்ப்பது நமக்கு இறக்குமதியான புது மோகமும் இல்லை. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தின் பாதை அன்றைய சென்னை மாகாணத்தைக் கடந்தது. பிரான்சிலிருந்து வந்த பியேர் ஜான்சென் குண்டூரிலும், சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்திலும் நிறமாலைமானிகளோடு நின்றார்கள். சூரிய விளிம்பின் சுவாலைகள் தனித்தனிக் கோடுகளாக ஒளிர்ந்தன. அவற்றில் ஒரு மஞ்சள் கோடு, 587.6 நானோமீட்டரில், சோடியத்தின் 589க்கு வெகு அருகில், ஆனால் சோடியம் இல்லை. அதுதான் பிறகு ஹீலியம் என்று பெயர் பெற்றது. பூமியில் அந்தத் தனிமத்தை வில்லியம் ராம்சே கண்டெடுக்க 1895 ஆயிற்று. ஒரு குறுகிய கோடு, எந்த மனிதனும் தொட்டறியாத பொருளைப் பற்றி இருபத்தேழு ஆண்டுகள் முன்கூட்டியே உண்மை சொன்னது.

கொடைக்கானலுக்கு வாருங்கள். அங்குள்ள சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் கால்சியத்தின் 393.4 நானோமீட்டர் கோட்டிலும், 1912 முதல் ஹைட்ரஜன் ஆல்ஃபா கோட்டிலும் சூரியனை நாள்தோறும் படமெடுத்து வந்தார்கள். ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் என்ற அந்தக் கருவி செய்தது என்ன? சூரியனின் மொத்த ஒளியில் ஒரேயொரு மெல்லிய கோட்டை மட்டும் பிளவு வழியே எடுத்து, அதில் மட்டும் சூரியன் எப்படித் தெரிகிறது என்று கண்ணாடித் தகட்டில் வரைந்தது. இன்று தாம்பரத்தில் நாலு பேர் செய்யும் வேலையின் பாட்டனார் அது. அந்தத் தகடுகள் நூறாண்டுச் சூரியச் சுழற்சிக்கு ஆவணம். எண்மமாக்கி உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். எந்தக் கண்ணும் சூரியனை அப்படிப் பார்த்ததில்லை என்பதால் யாராவது அவற்றைப் போலி என்றார்களா?

இப்போது செயலாக்கத்துக்குள் நுழைவோம். குற்றம் நடப்பதாகச் சொல்லப்படும் இடம் அது.

சென்னை வெப்பத்தில் சென்சார் சும்மா இருக்கும்போதே எலெக்ட்ரான்களைக் கக்கும். வெப்பம் சுமார் 6 டிகிரி கூடினால் இந்தக் கசிவு இரட்டிப்பாகும். அதனால் குளிரூட்டும் கேமரா. அதனால் மூடியைப் போட்டு அதே நேரம், அதே வெப்பநிலையில் இருட்டுப் படங்கள் எடுத்துக் கழிப்பது. லென்ஸ் ஓரத்தில் ஒளி குறைவதையும் தூசியின் வளைய நிழல்களையும் திருத்த, விடியற்காலையில் தொலைநோக்கியின் வாயில் வெள்ளை வேட்டித் துணியை இழுத்துக்கட்டிச் சீரான வெளிச்சத்தைப் படமெடுத்து வகுப்பது. கழித்தல், வகுத்தல். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தராசின் பூச்சியப் பிழையைக் கழிக்காத மாணவனுக்கு மதிப்பெண் குறைகிறது. இங்கே கழித்தவனைப் பார்த்து மோசடிக்காரன் என்கிறோம்.

பிறகு அடுக்குதல். ஐந்து நிமிடப் படங்களைப் பல இரவுகள் சேர்த்து எடுத்து, விண்மீன்களைப் பொருத்தி, சராசரி காண்பது. சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம், படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலமாக உயரும்: 16 படங்கள் சேர்த்தால் நான்கு மடங்கு. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் படத்தின் குறுக்கே கோடு கிழித்துவிட்டுப் போகும். ஒரு பிக்சலின் மதிப்பு அறுபது படங்களில் ஒன்றுபோல் இருந்து ஒன்றில் மட்டும் எகிறியிருந்தால், அந்த ஒன்றைப் புள்ளியியல் விதி ஒதுக்கிவிடும். தூரிகை பிடித்து யாரும் விமானத்தை அழிப்பதில்லை. அறுபதிலும் ஒரே இடத்தில் இருப்பது வானத்தில் இருக்கிறது. ஒன்றில் மட்டும் வந்துபோனது வானத்தில் இல்லை.

நெபுலா பூதாகரமாகப் பிரகாசிப்பது எப்படி என்பார்கள். சென்சாரின் 65,536 படிகளில் நெபுலா, பின்னணிக்குச் சற்று மேலே சில படிகளுக்குள் ஒடுங்கியிருக்கும். திரையில் அது கறுப்பாகவே தெரியும். அந்தச் சில படிகளை விரித்துக் காட்டுவதுதான் ஸ்ட்ரெட்ச். முழுப் படத்துக்கும் ஒரே வளைகோட்டைப் போட்டால் ஒரு விதி மீறப்படாது: முன்பு எது எதைவிடப் பிரகாசமாக இருந்ததோ, பின்பும் அப்படியே இருக்கும். இடைவெளி மாறும், வரிசை மாறாது. என்னைக் கேட்டால் நேர்மையான செயலாக்கத்துக்கு முதல் உரைகல் இந்த வரிசைதான்.

எதிர்த்தரப்பில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பொய் சொல்ல இடமிருக்கிறது, சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த இடங்கள் எவை என்று தெரிந்தவர், செயலாக்கம் கற்றவர் மட்டுமே.

ஜி.எஸ்.டி. சாலைப் பக்கமாக வானம் சாய்வாக வெளுத்திருக்கும். அந்தச் சாய்வை மென்பொருள் மதிப்பிட்டுக் கழிக்கும். ரோசெட் போலச் சுற்றிலும் வெறும் வானம் உள்ள பொருளில் இது பாதுகாப்பானது. படம் முழுக்க வாயு நிறைந்த வேலா பகுதியில் அதே கருவி நெபுலாவையே சாய்வு என்று நினைத்துத் தின்றுவிடும். இன்னொன்று: மூன்றில் ஹைட்ரஜன்தான் வழக்கமாகப் பலமானது, ஆக்சிஜனையும் கந்தகத்தையும் தனித்தனியாக அதிகம் விரித்து அதற்குச் சமமாக்குகிறோம். ஆகவே அந்தப் படம், எது எங்கே இருக்கிறது என்று சொல்லும். எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. நீலம் நிறையத் தெரிவதால் ஹைட்ரஜனுக்கு நிகராக ஆக்சிஜன் இருக்கிறது என்று தலைப்புப் போட்டால் அது தவறு. 7 நானோமீட்டர் அகல ஹைட்ரஜன் ஃபில்டரில் 658.4இல் ஒளிரும் நைட்ரஜனும் கூடவே நுழைந்துவிடும். அதையும் சொல்லிவிட வேண்டும். விண்மீன்கள் நாரோபேண்டில் ஊதா கலந்த சிவப்பாகத் திரிவதால், அவற்றை மட்டும் சாதாரணச் சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்களில் எடுத்துச் சேர்க்கிறார்கள். செய்யலாம், குறிப்பில் எழுதினால்.

ஹபிள் வழக்கத்தில் கூட்டிய படம் முதலில் ஒரே பச்சையாக வரும், ஏனென்றால் ஹைட்ரஜன்தான் பலம். உடனே பச்சையை நீக்கும் கருவியை ஓடவிட்டுப் பொன்னும் நீலமுமாக மாற்றுவது இன்று எழுதப்படாத சட்டம் ஆகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பச்சை போனால் ஹைட்ரஜனின் ஆதிக்கம் கண்ணிலிருந்து போய்விடுகிறது. கொஞ்சம் பச்சை மிஞ்சட்டும். படம் சற்று அழகு குறைந்தாலும் அதிகம் சொல்லும். ஆனால் இது நிறப் பங்கீட்டைப் பற்றிய கருத்து வேறுபாடு. வானத்தில் இல்லாததை வரைந்தார்கள் என்ற குற்றச்சாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அந்தக் குற்றச்சாட்டு பொருந்துகிற இடமும் உண்டு. 2023 மார்ச்சில் ஒரு கைபேசியின் நிலாப் படங்களைப் பற்றிச் சர்ச்சை எழுந்தது. வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைத் திரையில் போட்டுப் படமெடுத்தபோது, மூலத்தில் இல்லாத பள்ளங்களின் விவரங்களைக் கைபேசி சேர்த்துத் தந்தது. நெபுலாப் படங்களில் இரைச்சலைக் குறைக்கவும் கூர்மையாக்கவும் பயன்படும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் அளவு மீறினால் இரைச்சலை இழைகளாக நெய்துவிடும். இதற்கு எளிய சோதனை உண்டு. எடுத்த படங்களை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று இரண்டாகப் பிரித்து, தனித்தனியே அடுக்கி, ஒரே விதமாகச் செயலாக்குங்கள். இரண்டிலும் வரும் இழை நிஜம். ஒன்றில் மட்டும் வருவது கருவியின் கற்பனை. போலியைப் பிடிக்கும் இந்தத் திறமை, செயலாக்கமே போலி என்று விலகி நிற்பவருக்கு ஒருநாளும் வராது.

செயலாக்கம் வெறும் அலங்காரம் என்றால் 2022இல் நடந்ததை எப்படி விளக்குவது? மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ரோட்னர், யான் செய்ன்டி என்ற பொழுதுபோக்கு வானியலாளர்கள், ஆண்ட்ரோமெடா மண்டலத்துக்குப் பக்கத்தில் ஓ-த்ரீ ஒளியில் மட்டும் தெரியும் ஒரு நீண்ட வில்லைக் கண்டார்கள். கருவி, நான்கு அங்குலத்தைச் சற்றே தாண்டிய லென்ஸ் தொலைநோக்கி. நூறு மணி நேரத்துக்கும் மேலான படங்கள். வானத்தில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட இடங்களில் ஒன்று அது. பெரிய ஆய்வகங்களின் கணக்கெடுப்புகளில் எவர் கண்ணிலும் அந்த வில் படவில்லை. பொறுமையாக அடுக்கி, சாய்வைக் கவனமாகக் கழித்து, மெதுவாக விரித்தபோது வந்தது. பிறகு வேறு இடங்களிலிருந்து, வேறு தொலைநோக்கிகளில், வேறு ஆட்கள் எடுத்தபோதும் அதே இடத்தில் வந்தது. 2023 ஜனவரியில் வானியலாளர்களோடு சேர்ந்து ஆய்வுக் குறிப்பாக வெளியிட்டார்கள். அதுவும் பூசிய நிறம்தானா?

நம் பக்கத்து வானம் அவர்களுக்குக் கிடைக்காதது என்பதையும் சொல்லியாக வேண்டும். தாம்பரம் 13 டிகிரி வடக்கு அட்சரேகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த விண்மீனின் மிச்சமான வேலா எச்சம், லண்டனில் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. இங்கே தெற்கில் 32 டிகிரி உயரத்துக்கு ஏறுகிறது. அதன் ஓ-த்ரீ இழைகள் நாரோபேண்டுக்கென்றே பிறந்தவை. கரினா நெபுலா 17 டிகிரிக்கு வரும்; தெற்கே வண்டலூர், கிளாம்பாக்கம் பக்கத்து வெளிச்சத்தோடு மல்லுக்கட்ட வேண்டும், ஆனாலும் வரும். ரோசெட் ஏறக்குறையத் தலைக்கு மேலேயே போகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இவற்றுக்கு வானமும் தோதாக இருக்கும். கழுகு நெபுலாவுக்கு மட்டும் சித்திரையில் விடியலுக்கு முன்பே எழ வேண்டும். ஜூனில் முன்னிரவுக்கு அது வரும்போது மேகமும் வந்துவிடுகிறது.

கருவிக்கு லட்சங்கள் வேண்டுமே என்பது நியாயமான கவலை. தொலைநோக்கி, தாங்கி, குளிரூட்டும் கேமரா, மூன்று ஃபில்டர்கள் என்று கூட்டினால் நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய தொகைதான். செயலாக்கம் கற்க அவை தேவையில்லை. ஹபிள் எடுத்த தூண்களின் மூலத் தரவு, எஃப்502என், எஃப்656என், எஃப்673என் என்ற மூன்று ஃபில்டர்களில், கறுப்பு வெள்ளை ஃபிட்ஸ் கோப்புகளாக விண்வெளித் தொலைநோக்கிகளின் பொது ஆவணக் காப்பகத்தில் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. சிரில், கிராக்ஸ்பெர்ட், ஜிம்ப் ஆகிய மென்பொருள்களும் இலவசம். சிட்லபாக்கத்திலோ முடிச்சூரிலோ வீட்டில் ஒரு பழைய கணினி உள்ள எந்த மாணவியும் அந்த மூன்று கோப்புகளை இறக்கி, ஹெஸ்டரும் ஸ்கோவனும் செய்த வேலையைத் தன் கையால் மறுபடி செய்து பார்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டு யாரையும் நம்ப வேண்டியதில்லை. நம் பள்ளிகளின் இயற்பியல் ஆய்வுக்கூடங்களில் பால்மர் கணக்குக்குப் பக்கத்தில் இந்த ஒரு பயிற்சியை வைக்க ஏன் தயங்குகிறோம் என்பது எனக்குப் புரியவில்லை.

படம் எடுப்பவர்கள் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அழகான இறுதிப் படத்தை மட்டும் பகிர்ந்துவிட்டு, கேள்வி கேட்டால் கோபப்படுவது சரியில்லை. எந்த ஃபில்டர், எத்தனை நானோமீட்டர், எவ்வளவு நேரம், எந்த வாயுவுக்கு எந்த நிறம், விண்மீன்கள் எங்கிருந்து, செயற்கை நுண்ணறிவுக் கருவி எந்த இடத்தில் என்று படத்தோடு எழுத வேண்டும். விரிக்காத மூன்று அடுக்குப் படங்களையும் கேட்டவருக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தபின் பொறுப்பு மறுபக்கம் போகிறது. சந்தேகப்படுகிறவர் அந்த மூன்று கோப்புகளைத் திறக்கட்டும். எந்தப் படியில், எந்தப் பிக்சலில் பொய் நுழைந்தது என்று அவர் காட்டினால் எடுத்தவர் அதைத் திருத்தட்டும். காட்ட முடியாவிட்டால், போட்டோஷாப் என்று சொன்னதை அவர் திரும்பப் பெறட்டும்.